வந்த காரியம்

என் தங்கையின் பேத்தி பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "தாத்தா, பாண்டிக்கு வாரேன். மூணு ராத்திரி தங்கணும். பாரதியார் வீடு பாக்கணும், பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் நூலகத்துல ரெண்டு நாள் உக்காரணும். ஆயிரம் ரூபாய்க்குள்ள ரூம் கிடைக்குமா?"

நான் இப்போது கடலூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். "இங்கே வந்துடும்மா, தினம் பஸ்ல போய்ட்டு வா" என்றேன். அவளுக்கு விடியற்காலையில் பீச் ரோட்டில் நடக்க வேண்டுமாம். சரி, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு சின்ன லாட்ஜில் 1974 முதல் 2005 வரை கணக்கராகவும் வரவேற்பு மேசையிலும் இருந்தேன். மொத்தம் 14 அறைகள். அதில் ஆறுக்குத்தான் அட்டாச்டு பாத்ரூம். மேசைமேல் நீளமான பதிவேடு இருக்கும். பெயர், ஊர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த நேரம், கையொப்பம். நடுவில் ஒரு கட்டம், 'வந்த காரியம்'. பாதிப்பேர் அதில் 'சொந்த வேலை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். முப்பத்தோரு வருடம் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ஊரில் வெளியூர்க்காரனுக்குப் பாய் விரிக்கும்போது, அவனிடம் பணம் இருக்கிறதா என்பதைவிட அவனுக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வியே கேட்காமல் இடம் கொடுத்தது திண்ணைதான். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீதிகளில் பழைய வீடுகளைப் பார்த்தால் தெரியும். வீதியோரம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, பிறகுதான் வாசற்கதவு. மாடி கட்டினால் அது பிரெஞ்சுப் பாணியில் இருக்கும்; கீழே தமிழ் வீடு, மேலே தட்டையான கூரையும் பால்கனியும். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகு மறுபடி கட்டிய ஊர்தான் நாம் இன்று பார்ப்பது. அப்படி அழிந்து எழுந்தபோதும் தாழ்வாரத்தையும் திண்ணையையும் யாரும் விட்டுவிடவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தாழ்வாரம் வழிப்போக்கனின் தலைக்கு நிழல், திண்ணை அவன் உடம்புக்குக் கட்டில். இரண்டுமே வீட்டுக்காரனின் கதவுக்கு வெளியே. யார், என்ன, ஏன் என்று கேட்கும் அவசியம் கதவைத் தாண்டும்போதுதான் வந்தது.

சாவடியும் சத்திரமும் அடுத்தபடி. வடக்கே கடற்கரைச் சாலையில் போனால் பிள்ளைச்சாவடி என்று ஓர் ஊர் வரும். தங்கலும் இளைப்பாறலும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. சத்திரத்துக்கு ஓர் உபயதாரர் இருப்பார், அவர் போட்ட விதிகள் இருக்கும். இத்தனை நாள்தான், இன்ன சாதிக்குத்தான் என்ற விதிகளும் அவற்றில் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். தருமம் செய்தவர்களே வரம்பும் கட்டினார்கள்.

வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரத்தில் ஓட்டல்கள் இருந்தன. அவை கப்பலில் வரும் ஐரோப்பியர்களுக்கு. விழுப்புரத்திலிருந்து 1879-ல் ரயில் வந்ததும் ஊருக்குள் வருவோர் கூடினார்கள், ஆனால் வேட்டி கட்டியவர் போய்த் தங்க அங்கே இடம் ஏது? அவர் ஒரு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு யாராவது தெரிந்தவர் வீட்டைத் தேடினார்.

பாரதியார் 1908-ல் அப்படித்தான் வந்தார். குப்புசாமி ஐயங்கார் என்பவருக்கு அறிமுகக் கடிதம் கொண்டுவந்து அவர் வீட்டில் இறங்கினார். பிரிட்டிஷ் ஒற்றர்களும் போலீசும் வீட்டுக்காரரை மிரட்ட, பாவம், அவர் பயந்துபோய் இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த ஐயங்காரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாட்ஜ் மேசையில் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பயம் தெரியும். பிறகு குவளைக்கண்ணன் போன்ற உள்ளூர் அன்பர்கள் கைகொடுத்தார்கள். 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்று பெயர் பெற்ற வீட்டுக்காரர் ஒருவர் வாடகைக்கு வருவாராம், பாட்டைக் கேட்பாராம், வாடகையைக் கேட்காமலே போய்விடுவாராம். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத கதை அது.

ஆனால் இந்த ஊரில் தங்க ஏற்பாடு செய்த கதைகளில் என் மனதை விட்டு அகலாதது 1910-ல் நடந்தது. அரவிந்தர் அப்போது பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி வங்காளத்தில் சந்திரநாகூரில் ஒளிந்திருந்தார். புதுச்சேரியில் தங்க இடம் பார்க்கச் சொல்லி, சுரேஷ் சக்கரவர்த்தி என்ற இளைஞனை முன்னதாக அனுப்பினார். மோனி என்று கூப்பிடுவார்கள். மார்ச் 31-ஆம் தேதி அந்தப் பையன் கையில் கடிதத்தோடு பாரதியாரின் நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாசாச்சாரியாரிடம் வந்து நிற்கிறான். தமிழ் தெரியாது, ஊர் தெரியாது. இங்கிருந்தவர்களோ ஒற்றர் தொல்லையில் யாரையும் நம்பாத நிலையில் இருந்தவர்கள். இவனும் ஒற்றனாக இருந்தால்? அரவிந்தர் உண்மையிலேயே வருவாரா? மோனி தினமும் வீட்டைப் பற்றிக் கேட்கிறான். தெளிவான பதில் வரவில்லை. நாட்கள் போகின்றன. நடுவில், அவர் வருவது நிஜமானால் ஊர்வலம் வைத்து வரவேற்போம் என்று வேறு பேச்சு. ரகசியமாக வருபவருக்கு ஊர்வலமா என்று அவன் மன்றாடித் தடுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை நாலு மணிக்கு 'துய்ப்ளே' கப்பல் வந்து நின்றது. அரவிந்தரும் அவருடன் வந்த விஜய நாகும் வேறு பெயர்களில் பயணம் செய்திருந்தார்கள். பாரதியாரும் ஸ்ரீநிவாசாச்சாரியாரும் போய் அழைத்துவந்தார்கள். கோமுட்டித் தெருவில் கலவை சங்கர செட்டியார் வீட்டு மாடி தயாராக இருந்தது. செட்டியார் ஊரில் பெரிய மனிதர். அவர் வீட்டு மாடியில் அக்டோபர் வரை அரவிந்தர் விருந்தாளியாக இருந்தார். 23 நாள் உபவாசம் இருந்ததும் அந்த மாடியில்தான்.

அந்த நாலைந்து நாள் மோனி எப்படித் தூங்கியிருப்பான் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. தலைவருக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது அவன் பொறுப்பு. ஆனால் முடிவு அவன் கையில் இல்லை.

இடம் கிடைத்தும் கவலை தீரவில்லை. பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் அவர்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வெளியேற வேண்டியதுதான். சங்கர செட்டியார் தானும் கையெழுத்துப் போட்டு, மற்ற நால்வரிடமும் போய் வாங்கிக்கொண்டு வந்தார். பிரிட்டிஷ் அரசின் கண்ணில் விழுந்தவர்களுக்காகப் பெயர் கொடுப்பது அன்று விளையாட்டல்ல. ஐந்து பேர் கொடுத்தார்கள். அந்த ஐந்து கையெழுத்து இல்லையென்றால் பின்னால் வந்த ஆசிரமமும், அதை நம்பி நடக்கும் இன்றைய அறைத் தொழிலில் பெரும்பகுதியும் இல்லை என்றே சொல்வேன்.

அரவிந்தர் பல வீடுகள் மாறி 1913 அக்டோபரில் பிரான்சுவா மர்த்தேன் வீதி 41-ஆம் எண் வீட்டுக்குப் போனார். ஆசிரமத்தார் அதை 'கெஸ்ட் ஹவுஸ்' என்றே சொல்கிறார்கள். பின்னாளில் ஆசிரமத்தை நடத்திய அன்னை 1920 ஏப்ரல் 24-ல் திரும்பி வந்தபோது முதலில் மாக்ரி ஓட்டல், பிறகு சுப்பு ஓட்டல், அப்புறம் ஒரு வாடகை வீடு. நவம்பர் 24-ல் பெரும் புயல்மழை. வீடு தாங்காது என்று அவரையும் 41-ஆம் எண்ணுக்கே வந்துவிடச் சொன்னார் அரவிந்தர்.

1930-களின் கடைசியில் ஆசிரமத்தார் தங்குவதற்காகக் கோல்கொண்ட் கட்டத் தொடங்கினார்கள். அந்தோனின் ரேமண்ட் வரைந்த கட்டடம். ஜார்ஜ் நகாஷிமாவும் சம்மரும் இங்கேயே இருந்து கட்டினார்கள். ஜன்னலே கிடையாது, சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய பலகைகள், காற்று தானாக வரும். பணம் ஹைதராபாத்திலிருந்து, திவான் சர் அக்பர் ஹைதரி முயற்சியால் வந்தது. அதனால்தான் அந்தப் பெயர். புதுமையான கான்கிரீட் கட்டடம் என்று உலகம் பேசுகிறது. எனக்கு அது உபயதாரர் ஊரின் பெயர் தாங்கிய ஒரு சத்திரமாகவும் தெரிகிறது.

பிரெஞ்சு ஆட்சி போன 1954-க்குப் பிறகு லாட்ஜ் காலம். மேசைக்கு எதிரே நின்றவர்கள் எல்லாரையும் எழுத இடம் போதாது. ஒருவரை மட்டும் சொல்கிறேன். முத்தியால்பேட்டையில் பிறந்து பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1962-ல் குடியுரிமை விருப்பம் தெரிவிக்க ஆறு மாதம் கொடுத்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். வருடா வருடம் பாரிசிலிருந்து வருவார். தம்பி வீட்டில் மனஸ்தாபம், ஆகையால் எங்களிடம் தங்குவார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சி படிவம் போக வேண்டும். பிறந்த ஊர் புதுச்சேரி என்று எழுதி, நாடு பிரான்ஸ் என்று எழுதுவேன். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார். 'வந்த காரியம்' கட்டத்தை மட்டும் அவரே வாங்கி எழுதுவார்: 'ஊர் பார்க்க'.

இப்போது தூக்கம் வராத கதை. எங்கள் முதலாளி ஒரு விதி வைத்திருந்தார்: ஒண்டியாக வருபவருக்கு ரூம் கிடையாது. ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்பது காரணம். தனியாக வரும் பெண் என்றால் பேச்சே இல்லை. அப்போது பல லாட்ஜ்களில் இதுதான் வழக்கம். 1983 என்று நினைக்கிறேன், மழைக்காலம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மறுநாள் காலை வேலைக்கு இன்டர்வியூ. கடிதத்தைக் காட்டினாள், சான்றிதழ்களைக் காட்டினாள். "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்றேன். யாரும் இல்லை. "இந்த ஊர்ல தெரிஞ்சவங்க?" யாரும் இல்லை. சாவிப் பலகையில் ஐந்து சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் பார்த்தாள். "ரூம் இல்லம்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காகிதங்களை நனையாமல் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். காலையில் நான் வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அதே பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போகவில்லை.

அவள் கேட்டது ஒரு கையெழுத்துக்கான இடம். நான் போட்டிருக்கலாம். என் பொறுப்பில் என்று எழுதி முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கலாம்.

நேற்று கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். தேதிகளை முதலில் பார்த்தேன். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய ஆசிரமத் தரிசன நாட்களை ஒட்டி மலிவு அறை எதுவும் கிடைக்காது. சனி ஞாயிறுகளில் வாடகை வேறு. நல்லவேளை, அவள் செவ்வாய்க்கிழமை வருகிறாள். பீச் ரோட்டின் தென்கோடியில் ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. கடலைப் பார்த்த அறைகள், ராத்திரி பத்தரைக்குக் கதவு மூடிவிடும், மது கிடையாது. தனியாக வரும் பெண்கள் பலர் அங்கே நிம்மதியாகத் தங்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவளுக்கு வேண்டிய தேதியில் இடமில்லை.

வைசியாள் வீதி வழியாக நடந்தேன். பழைய கோமுட்டித் தெரு இதுதான். ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு இங்கே வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. இடிந்துபோயிருந்த தாழ்வாரங்களும் திண்ணைகளும் திரும்ப வந்தன. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. மனம் நிறைந்துதான் பார்த்தேன். ஆனால் ஊரில் பல வீடுகளில் திண்ணைக்கு இரும்புக் கம்பி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் மாளிகைகளும் செட்டியார் வீடுகளும் ஒவ்வொன்றாக ஓட்டல் ஆகின்றன. இடிந்து போகாமல் நிற்கின்றனவே என்பதில் எனக்குச் சந்தோஷம். ஒரு ராத்திரி வாடகையில் என் தங்கை பேத்தி ஒரு மாதம் ஹாஸ்டலில் சாப்பிடுவாள் என்பதும் உண்மை.

மிஷன் வீதிக்கு மேற்கே உள்சந்து ஒன்றில் ஒரு சின்ன லாட்ஜ் பார்த்தேன். இரண்டாம் மாடி, 204. பாரதியார் வீட்டுக்கும் செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடந்தே போகலாம். கதவுத் தாழ்ப்பாளை நாலு முறை போட்டு எடுத்தேன். பாத்ரூம் ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, தலையணை உறை மாற்றுகிறார்களா என்று பார்த்தேன். ரூம் பாய் பொறுமையாகக் கூட நின்றான். வாடகை 900.

கீழே மேசையில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "தம்பி, பொண்ணு ஒண்டியா வருது" என்றேன். சொல்லும்போதே என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டைப்பையில் என் ஆதார் நகல் வைத்திருந்தேன், முகவரி, போன் நம்பர், மகள் நம்பர் எல்லாம் எழுதி.

"அவங்க ஆதார் இருந்தாப் போதும் சார்" என்றான். "வேற யாரும் வேணாம்."

நான் நகலை நீட்டியபடியே நின்றேன். அவன் வாங்கி, ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்டேப்ளர் எடுத்துப் பதிவேட்டின் அந்தத் தேதிப் பக்கத்தில் குத்தி வைத்தான். பக்கத்தைப் புரட்டும்போது பார்த்தேன். 'வந்த காரியம்' கட்டம் இன்னமும் இருக்கிறது.