படிக நீரின் அளவைக் கணக்கிடல்

படிக நீர் என்பது சில உப்புகளின் படிக அமைப்பில் குறிப்பிட்ட விகிதத்தில் இடம்பெற்றுள்ள நீர் ஆகும். இத்தகைய உப்புகள் நீரேறிய உப்புகள் அல்லது ஹைட்ரேட்டுகள் எனப்படும். நீரை முற்றிலும் இழந்தபின் அவை நீரற்ற உப்புகள் எனப்படும். உப்பைச் சூடாக்கி, ஏற்படும் நிறை இழப்பிலிருந்து ஒரு மோல் உப்புடன் எத்தனை மோல் நீர் சேர்ந்துள்ளது எனக் காணலாம். இம்முறை எடையறி பகுப்பாய்வின் எளிய வடிவங்களுள் ஒன்று.

சில நீரேறிய உப்புகள்

ஒரு மோல் உப்பிலுள்ள நீரின் மோல்களும், மொத்த நிறையில் நீரின் விழுக்காடும் கீழே தரப்பட்டுள்ளன.

* ஜிப்சம் (கால்சியம் சல்பேட்டு): 2 மோல், 20.9%
* மயில்துத்தம் (செம்பு சல்பேட்டு): 5 மோல், 36.1%
* படிகாரம் (பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு): 12 மோல், 45.6%
* எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்டு): 7 மோல், 51.2%
* சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்டு): 10 மோல், 63.0%

செய்முறை

1. தூய, உலர்ந்த புடக்குகையைச் சூடாக்கிக் குளிரவைத்து நிறை காணவேண்டும்.
2. உப்பை அதில் இட்டு மீண்டும் நிறை காணவேண்டும்.
3. முதலில் மென்மையாகவும் பின்னர் வலுவாகவும் சூடாக்கவேண்டும். தொடக்கத்திலேயே வலுவாகச் சூடாக்கினால் உப்புத் துகள்கள் தெறித்து வெளியேறும்.
4. நீரற்ற கால்சியம் குளோரைடு போன்ற ஈரமுறிஞ்சி உள்ள மூடிய கலத்தில் குளிரவைத்து நிறை காணவேண்டும்.
5. அடுத்தடுத்த இரு அளவீடுகள் ஒத்திருக்கும் வரை சூடாக்கலும் நிறை காணலும் தொடரவேண்டும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

ஒரு சோதனையில் மயில்துத்தத்திற்குப் பின்வரும் அளவீடுகள் கிடைத்தன எனக் கொள்வோம்.

* வெற்றுப் புடக்குகை: 22.140 கிராம்
* புடக்குகையும் நீரேறிய உப்பும்: 24.640 கிராம்
* முதல் முறை சூடாக்கிய பின்: 23.752 கிராம்
* இரண்டாம் முறை: 23.740 கிராம்
* மூன்றாம் முறை: 23.740 கிராம்

நீரேறிய உப்பு = 24.640 − 22.140 = 2.500 கிராம்
நீரற்ற உப்பு = 23.740 − 22.140 = 1.600 கிராம்
வெளியேறிய நீர் = 2.500 − 1.600 = 0.900 கிராம்

நீரற்ற செம்பு சல்பேட்டின் மோலார் நிறை 159.61 கிராம், நீரின் மோலார் நிறை 18.015 கிராம். எனவே,

உப்பின் மோல்கள் = 1.600 ÷ 159.61 = 0.01002
நீரின் மோல்கள் = 0.900 ÷ 18.015 = 0.04996
விகிதம் = 0.04996 ÷ 0.01002 ≈ 4.99

அருகிலுள்ள முழு எண் 5. ஆகவே ஒரு மோல் செம்பு சல்பேட்டுடன் 5 மோல் நீர் உள்ளது.

நிலையான நிறை மட்டும் போதுமா?

மயில்துத்தத்தின் நீர் முழுவதும் ஒரே வெப்பநிலையில் வெளியேறுவதில்லை. பீவர்சும் லிப்சனும் 1934-இல் வெளியிட்ட ஊடுகதிர் ஆய்வின்படி, நான்கு நீர் மூலக்கூறுகள் செம்பு அயனியுடன் பிணைந்துள்ளன. ஐந்தாவது மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சல்பேட்டு அயனிகளுடன் இணைந்துள்ளது. ஏறத்தாழ 110 பாகை செல்சியசு வரை சூடாக்கும்போது நான்கு மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. கடைசி மூலக்கூறு வெளியேற ஏறத்தாழ 200 பாகை தேவை.

எனவே 120 பாகை அளவிலேயே சூடாக்கிக்கொண்டிருந்தால், ஒரு நீர் எஞ்சியுள்ள நிலையிலேயே நிறை மாறாமல் நின்றுவிடும். அப்போது 2.500 கிராம் உப்பு ஏறத்தாழ 0.722 கிராம் மட்டுமே இழக்கும். எஞ்சியதை நீரற்ற உப்பு எனக் கருதிக் கணக்கிட்டால் விகிதம் 3.6 என வரும். இதனை 4 என முழுமையாக்குவது தவறு. முழு எண்ணிலிருந்து இவ்வளவு விலகிய விடை, சோதனை முறையை மீண்டும் பார்க்கவேண்டும் என்பதற்கான அறிகுறியாகும்.

பிழைகளும் அவற்றின் விளைவுகளும்

* சூடாக்கல் போதாமை: விடை குறையும்.
* திறந்த காற்றில் குளிரவைத்தல்: உப்பு ஈரத்தை மீண்டும் உறிஞ்சுவதால் விடை குறையும்.
* துகள்கள் தெறித்தல்: இழந்த உப்பும் நீராகக் கணக்கிடப்படுவதால் விடை கூடும்.
* மிகையாகச் சூடாக்கல்: உப்பு சிதைந்து கருநிறச் செம்பு ஆக்சைடு உருவாகும், விடை கூடும்.
* சூடாக இருக்கும்போதே நிறை காணல்: மேலெழும் காற்றோட்டத்தால் தராசு குறைவாகக் காட்டும், விடை கூடும்.

இம்முறை பொருந்தாத இடங்கள்

சூடாக்கும்போது நீர் மட்டுமே வெளியேறவேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. நீரேறிய மக்னீசியம் குளோரைடு சூடாக்கப்படும்போது நீருடன் ஹைட்ரஜன் குளோரைடு வளிமமும் வெளியேறுவதால் நிறை இழப்பை நீராகக் கொள்ள இயலாது. இத்தகைய உப்புகளுக்கு, செருமானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட தரம்பார்த்தல் முறை பயன்படும்.

பயன்

கரைசல் தயாரிக்கும்போது படிக நீரைக் கணக்கில் கொள்வது இன்றியமையாதது. ஒரு லிட்டர் 0.1 மோலார் செம்பு சல்பேட்டுக் கரைசலுக்கு நீரற்ற உப்பு எனில் 15.96 கிராமும், மயில்துத்தம் எனில் 24.97 கிராமும் தேவை. மயில்துத்தத்தையே 15.96 கிராம் எடுத்தால் கரைசலின் செறிவு 0.064 மோலாராகக் குறைந்துவிடும். ஆகவே புட்டியின் மேலுள்ள பெயரை மட்டுமன்றி, நீரின் மோல் எண்ணிக்கையையும் பார்த்தே எடை போடவேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மோல்
* எடையறி பகுப்பாய்வு
* செம்பு சல்பேட்டு