வேரில் இருந்த முடிச்சு



போன வாரம் ஃபுளோரிடாவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். ஹெம்ப் செடியின் வேர். கஞ்சா இனம்தான், ஆனால் போதைப்பொருள் மிகமிகக் குறைந்த நார்ச்செடி. அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பலரும் பயிரிடுகிறார்கள். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. "சார், நீங்க சொல்லிக்கொடுத்த ரைசோபியம்தானே இது?" என்று கேட்டிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருடங்களுக்கு முன் ஒரு பையன் வாடிப்போன கத்தரிச்செடி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து இதையேதான் கேட்டான். நானும் "ஆமாம்ப்பா, நைட்ரஜன் முடிச்சு, நிலத்துக்கு நல்லது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கத்தரி பயறு வகையே இல்லை என்பதுகூட அன்று உறைக்கவில்லை.

அது வேர்முடிச்சு நூற்புழு. அரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத குஞ்சு வேருக்குள் நுழைந்து ஓரிடத்தில் தங்கும். சுற்றியுள்ள செல்கள் பூதாகாரமாகப் பெருத்து அதற்குத் தீனி போடும். செடிக்கு மேலே தண்ணீர் ஏறாது.

இதை முதலில் எழுதிவைத்தவர் இங்கிலாந்துப் பாதிரியார் பெர்க்லி. 1855-இல், கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரி வேரில் பார்த்தார். 1887-இல் பிரேசிலில் காப்பித் தோட்டங்கள் அழிந்தபோது சுவிட்சர்லாந்துக்காரர் கோல்டி அந்தப் புழுவுக்கு மெலாய்டோகைன் என்று பெயர் வைத்தார். இரண்டே ஆண்டில், 1889-இல், நீல் என்பவர் ஃபுளோரிடாவின் பீச், ஆரஞ்சு மரங்களில் இதே நோயைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நம்மவர் படம் அனுப்பிய அதே மண்!

தென்னிந்தியாவிலும் இது புதிதல்ல. 1901-இல் தேவாலாத் தோட்டத்துத் தேயிலையில் இதைக் கண்டு எழுதியவர் பார்பர். பிற்பாடு கோயம்புத்தூரில் வெங்கட்ராமனோடு கரும்பு இனங்களை உருவாக்கினாரே, அதே பார்பர்தான். 1901! நான் பாடம் நடத்தியதோ அதற்குத் தொண்ணூறு வருடம் கழித்து.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது; வீங்கியிருப்பதே வேர்தான்.

அந்தப் பையனின் அப்பா கத்தரியைப் பிடுங்கிவிட்டு அதே நிலத்தில் தக்காளி போட்டார். புழுவுக்குத் தக்காளி இன்னும் பிடிக்கும். கடன் வாங்கிப் போட்ட பயிர் அது. மறு வருடம் பையன் பள்ளிக்கு வரவில்லை.

சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதிருந்தால் புழு குறைந்திருக்கும். சணப்புக்கும் ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்றுதான் பெயர். ஃபுளோரிடா மாணவருக்கு நேற்று இதை எழுதி அனுப்பினேன். கத்தரிச்செடி கொண்டுவந்தவரின் முகவரி என்னிடம் இல்லை. இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.