கடலடி நிலத்தடிநீர்க் கசிவு: ஒரு பயிற்சிக் கருவியும் கரையோர நீர்த்தர ஆய்வின் திசைமாற்றமும்

கரையோரக் கடல்நீரின் தரத்தை ஆராய்ந்தோர் நெடுங்காலம் ஆற்றுமுகங்களையும் கழிவுநீர்க் குழாய்களையுமே மாசின் வாயில்களாகக் கொண்டிருந்தனர். நிலத்தடிநீர் கடற்படுகை மணலின் ஊடே ஊறிக் கடலில் கலப்பதாகிய கடலடிக் கசிவு, கண்ணுக்குப் புலப்படாமையாலும் அளக்க எளிய வழி இல்லாமையாலும் கணக்கில் சேராமலே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடன் கைபனும் 1901இல் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க்கும், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்று காட்டினர். ஆயினும் அவ்விதி கிணற்றில் உப்பு ஏறுவதைப் பற்றிய கவலைக்கே பயன்பட்டது. கடல் எதைப் பெறுகிறது என்ற வினா அப்போது எழவில்லை.

அவ்வினாவுக்கு விடைகாண உதவிய கருவிகளுள் ஒன்று மிக எளியது. டேவிட் லீ 1977இல் விவரித்த கசிவுமானி, இரும்புப் பீப்பாயின் ஒரு முனையை வெட்டியெடுத்து, அதன் திறந்த பக்கத்தைப் படுகையில் அழுத்தி, மேல்துளையில் நெகிழிப் பையொன்றைப் பொருத்துவதாகும். குறித்த நேரத்தில் பையில் சேரும் நீரின் அளவையும் பீப்பாயின் பரப்பையும் கொண்டு கசிவின் வேகம் கணக்கிடப்படுகிறது. லீயும் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜான் செரியும் இதை மாணவர்க்கான களப்பயிற்சியாக வகுத்து, நிலவியல் கல்விக்குரிய ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். புவி அறிவியல் விரிவுரையாளர் ஒருவர் சிறு செலவில் வகுப்புக்குக் கற்பிக்கக்கூடிய கருவியே ஆய்வாளரின் கருவியாகவும் இருந்தது, இத்துறை பரவியதற்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. அலையும் பையின் இறுக்கமும் அளவீட்டைப் பிழைபடுத்தும் என்பது உண்மையே; எனினும் அப்பிழையை ஆராய்வதும் நல்ல பாடமாகவே அமைந்தது.

1980இல் ஆய்வாளர் ஜோஹன்னஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் கரையில் ஆறுகள் கொணர்வதைவிடப் பல மடங்கு நைட்ரேட்டை நிலத்தடிநீர் கடலில் சேர்ப்பதாக எடுத்துரைத்தார். பீப்பாய் ஓரிடத்தின் கசிவை மட்டுமே காட்டுவதால், நீண்ட கரை முழுவதையும் அளக்க வேறு வழி தேவைப்பட்டது. தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்லார்ட் மூர் ரேடியத்தை நாடினார். நன்னீரில் மணல்துகளோடு ஒட்டியிருக்கும் இத்தனிமம் உப்புநீர் பட்டதும் விடுபடுவதால், கடல்நீரில் அதன் மிகுதி கசிவின் தடயமாகிறது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், கசிவின் அளவு ஆற்றுநீர் வரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு என்று 1996இல் அவர் மதிப்பிட்டார். இதை முழுவதும் நன்னீராகக் கொள்வது பிழை. மணலுக்குள் புகுந்து மீளும் கடல்நீரும் இதில் அடங்கும்.

இவ்வளர்ச்சி பொதுச் சுகாதாரத்தையும் தொட்டது. மலக்கலப்பைச் சுட்டும் நுண்ணுயிர்கள் மிகுந்தமையால் 1999 கோடையில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் கடற்கரை மூடப்பட்டபோது, தேடல் இயல்பாகவே கழிவுநீர்க் குழாய்களை நோக்கியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்ட்ரியா போம், அடினா பேட்டன் முதலியோர் 2004இல் வெளியிட்ட கட்டுரை, அங்கு நிலத்தடிநீர் அலைப்பகுதியில் வெளிப்படுவதை ரேடியம் கொண்டு ஆராய்ந்து, நுண்ணுயிர்ப் பெருக்கத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்ற அளவில் நின்றது. அந்த நிதானம் குறிப்பிடத்தக்கது. ஏனெனில் கசிவு நிகழ்வதைக் காட்டுவது வேறு, அதுவே நுண்ணுயிரைக் கொணர்ந்தது என நிறுவுவது வேறு.