துளைபட்ட கண்ணாடிகள்

பழைய கட்டடத்தைக் காப்பது என்றதும் வெள்ளையடிப்பும் செப்பனிடலுமே நம் நினைவில் எழுகின்றன. ஹவாய்த் தீவுகளின் முத்துத் துறைமுகத்தில், ஃபோர்டு தீவிலுள்ள 79ஆம் எண் விமானக் கொட்டகை இந்த எண்ணத்தைத் தடுமாறச் செய்கிறது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கின. 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். அன்று பாய்ந்த தோட்டாக்களின் துளைகள் அக்கொட்டகையின் நீலக் கண்ணாடிகளில் இன்றும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டு அதே டிசம்பர் 7 அன்று அத்தீவில் விமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இக்கொட்டகையும் அதைச் சேர்ந்ததே.

கண்ணாடியை மாற்றுவது எளிது. மாற்றியிருந்தால் கட்டடம் மிஞ்சியிருக்கும். அந்த ஞாயிறு மறைந்திருக்கும். ஆயினும், காயத்தை மூடாமல் வைத்திருப்பது பகையை வளர்க்காதா? நியாயமான ஐயமே. பகையை ஊட்டவென்றே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்கள் உலகில் குறைவல்ல. ஆனால் இதே அருங்காட்சியகத்தின் 37ஆம் கொட்டகையில், அன்று தாக்க வந்த வகையைச் சேர்ந்த ஜப்பானிய ‘சீரோ’ போர் விமானம் ஒன்றும் பேணப்படுகிறது. துளைத்தவரின் ஊர்தியும் துளைபட்ட கண்ணாடியும் ஒரே பராமரிப்பில் இருப்பதை எண்ணும்போது நம் ஐயம் சற்றே தணிகிறது, முற்றிலும் நீங்கிவிடவில்லை.