கார்க் திருகாணியும் காளஹஸ்தியும்

காளஹஸ்தி என்றாலே ராகு-கேது பூஜைதான் நம்மவர்க்கு ஞாபகம் வரும். நான் சொல்ல வருவது வேறு.

யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு 56-ஆம் பாட்டு பேசுகிறது. அரிக்கமேட்டில் அவர்களின் மதுச்சாடிகள் கிடைத்துள்ளன. அத்தகைய சாடிகளின் வாயைக் கார்க்கால் அடைத்து மேலே சாந்து பூசுவதுண்டு. திறக்க அதை உடைக்க வேண்டியதுதான். திருகாணி கிடையாது.

அது பிறந்தது துப்பாக்கியிலிருந்து என்பர். குழலில் சிக்கிய திணிப்பை இழுக்கும் இரும்புச் சுருளே 17-ஆம் நூற்றாண்டில் கார்க் பிடுங்கவும் உதவியது. 1795-இல் சாமுவேல் ஹென்ஷல் என்ற ஆங்கிலப் பாதிரியார் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

துப்பாக்கியும் மதுப்புட்டியுமாய் வந்த கும்பினியாருக்கு 1639-இல் சென்னைக் கரையில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அந்தத் தாமர்ல வம்சமே காளஹஸ்தி ஜமீன்.

சாடியோடு வந்தவன் மிளகை வாங்கிப் போனான். புட்டியோடு வந்தவன் ஊரையே வாங்கிக்கொண்டான். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிவையுங்கள்.