மயக்கத்தில் இறங்கும் அழுத்தம்

முழு மயக்கம் கொடுத்தவுடன் இரத்தக் குழாய்கள் தளர்ந்து, இதயத்தின் விசையும் குறைவதால் இரத்த அழுத்தம் இறங்குவது அறுவை அரங்குகளில் அன்றாட நிகழ்வே. எனினும் அது யாருக்கு மிகுதியாக இறங்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் முயற்சி அண்மைக் காலத்தது, ஏனெனில் அந்த இறக்கத்தையே பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற கொள்கை ஒரு காலத்தில் இந்திய மண்ணிலேயே செல்வாக்குப் பெற்றிருந்தது.

அதன் பிறப்பிடம் ஐதராபாத். அங்கு ரெசிடென்சி மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி, குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து மூச்சை நிறுத்திய பின்னரே இதயத்தை நிறுத்துகிறது என்றும், ஆகவே மயக்கம் கொடுப்பவர் நாடியை விட்டு மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்றும் வாதிட்டார். 1888இல் இதை ஆராய்ந்த முதல் ஆணையம் அதை ஆமோதித்தும் லண்டன் ‘லான்செட்’ இதழ் ஏற்கத் தயங்கவே, நிஜாமின் பொருளுதவியுடன் அவ்விதழ் அனுப்பிய மருத்துவர் லாடர் பிரண்டன் 1889இல் வந்து சேர்ந்தார். நாய்களின் தமனியில் குழாய் செருகி, அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுழலும் உருளையில் கோடாகப் பதிந்து பார்த்த இரண்டாம் ஆணையமும் லாரியின் பக்கமே சாய்ந்தது. அழுத்தம் சரிவதைக் கண்ணெதிரே வரைந்து வைத்துக்கொண்டே அதை அபாயமாகக் கருதாமல் விட்டது வியப்புக்குரியது.

1911ஆம் ஆண்டில், குறைந்த அளவு குளோரோஃபார்மே இதயத்தைத் திடீரெனத் துடிதுடிக்க வைத்து நிறுத்திவிடும் என்று மருத்துவர் குட்மன் லெவி பூனைகளில் காட்டியதோடு லாரியின் கொள்கை ஆட்டம் கண்டது. இதனிடையே இரத்த அழுத்தம் அளக்க இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் அமைத்த கைப்பட்டைக் கருவியை 1901இல் இத்தாலியில் கண்ட அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அமெரிக்க அறுவை அரங்குகளுக்குக் கொண்டுசென்றார். பின்னர் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

பட்டை காட்டுவது நடந்து முடிந்த இறக்கத்தை மட்டுமே. எனவே மயக்க மருந்துக்கு முன்பே அல்ட்ராசவுண்ட் கருவியை மார்பெலும்பின் கீழ் வைத்து, உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும் முறை வந்தது. மிகுதியாகச் சுருங்கினால் குழாய்களில் நீர்மம் போதாது என்று கொள்ளப்படுகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு 43 சதவீதத்தை எல்லையாகக் குறித்தது. உடல் பருத்தவர்களிடமும் வயிற்றில் வாயு நிறைந்தவர்களிடமும் இச்சிரை திரையில் தெளிவாகத் தெரிவதில்லை; அவர்களுக்குப் பட்டையை அடிக்கடி இறுக்கிப் பார்ப்பது இன்றும் தேவைப்படுகிறது.