இரசிகர் குழுவும் தனி வலைமனையும்

ஒரு கதையையோ நாடகத்தையோ இசையையோ விரும்பும் மக்கள் தம்முள் ஒன்றுகூடுதல் பழைய வழக்கமாகும். அவ்வாறு கூடுதற்கு ஓர் இடம் வேண்டும். தம் கருத்தை எழுதிவைக்க ஓர் ஏடும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரண்டையும் ஒருங்கே அளித்தது இணையத்தின் தனி வலைமனை. அம்மனைகள் இரசிகர் குழுவை ஆக்கிய முறையையும், அக்குழு சிதறியதன் காரணத்தையும், அமெரிக்க நாட்டு ஜியோசிட்டீஸ் நிறுவனத்தின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கி.பி. 1994-இல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ஆகிய இருவரும் கலிபோர்னியாவில் இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். விரும்பியவர்க்கு விலையின்றி இடம் அளித்தல் அதன் முறை. அவ்விடத்தையும் ஊர்போலப் பகுதி பகுதியாக வகுத்து அளித்தமையே அதன் தனிச்சிறப்பு. அறிவியற் புனைகதையை விரும்பினோர் 'ஏரியா 51' என்னும் பகுதியிலும், திரைப்படத்தை விரும்பினோர் 'ஹாலிவுட்' பகுதியிலும், ராக் இசையை விரும்பினோர் 'சன்செட் ஸ்ட்ரிப்' பகுதியிலும் குடியேறினர். ஒவ்வொரு மனைக்கும் கதவிலக்கம் உண்டு. ஆகவே ஒத்த சுவையினர் அண்டை வீட்டாராயினர்.

எனினும், அருகிருத்தல் ஒன்றே உறவாகிவிடாது. அவ்வுறவை வளர்த்தவை மூன்று. முதலாவது விருந்தினர் ஏடு. வந்து சென்றோர் தம் பெயரையும் பாராட்டையும் அதில் எழுதினர். இரண்டாவது, மனைக்குரியோர் தாமே தேர்ந்து அமைத்த இணைப்புப் பட்டியல். மூன்றாவது வலைவளையம், இதற்குரிய அமைப்பை 1995-இல் சேஜ் வைல் தோற்றுவித்தார். ஒரே பொருள் பற்றிய மனைகள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழிகாட்ட, முடிவில் தொடங்கிய இடத்திற்கே திரும்புதல் வளையத்தின் இயல்பு. வளையத்தை நடத்துவோர் இசைந்த பின்னரே புதியவர் அதிற் சேரலாம். கூகிள் நிறுவனம் தோன்றிய ஆண்டு 1998 என்பதை நோக்கின், அதற்கு முன் வழி தேடிய இரசிகர்க்கு இவ்வளையங்கள் எத்துணைத் துணையாயிருந்திருக்கும் என்பது விளங்கும்.

இவ்வாறு உருவான ஒற்றுமை இருமுறை சோதிக்கப்பெற்றது. 1999-இன் தொடக்கத்தில் யாகூ நிறுவனம் ஏறத்தாழ 350 கோடி டாலர் மதிப்பில் ஜியோசிட்டீசை வாங்குவதாக அறிவித்தது. அவ்வாண்டின் இடையில், மனைகளில் உள்ள எழுத்தின் மீதும் படத்தின் மீதும் தனக்கு நிலையான உரிமை உண்டு என்னும் விதியை வெளியிட்டது. மனைக்குரியோர் பலர் தம் பக்கங்களை நிறமற்ற வெறும் பக்கங்களாக்கி எதிர்த்தனர். நிறுவனம் அவ்விதியைத் திருத்தியது. 2000-இன் இறுதியில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், ஹாரி பாட்டர் பெயரை முகவரியிற் கொண்ட இரசிகர் மனைகளுக்கு எச்சரிக்கை மடல்கள் விடுத்தது. அவற்றைப் பெற்றவருட் சிலர் பள்ளிச் சிறார். இரசிகர் ஒன்றுபட்டுப் புறக்கணிப்பு இயக்கம் நடத்தினர். நிறுவனம் தன் பிடியைத் தளர்த்தியது. கதையைப் பேசக் கூடியோர் தம் உரிமையைப் பேசவும் வல்லராயினர் என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

ஆயினும், மனை தமதே எனினும் நிலம் பிறருடையது. யாகூவின் ஆட்சியிற் பழைய பகுதிப் பெயரும் கதவிலக்கமும் வழக்கிழந்தன. பலர் வேறிடம் நாடினர். 2009 அக்டோபர் 26-இல் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் மூடப்பெற்றது. ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுவினர் இயன்றவரை படியெடுத்து 2010-இல் வெளியிட்டனர். ஏட்டுச்சுவடிகள் அழிந்த வரலாற்றை அறிந்த நமக்கு அவர்தம் பணியின் அருமை தெரியும்.

காலமும் கருவியும் மாறியமையே இச்சிதைவிற்குக் காரணம் என்பர் சிலர். அக்கூற்று முழுதும் பொருந்தாது. 1999-இல் தோன்றித் தனக்கெனத் தனி முகவரி பெற்ற மகிள்நெட் என்னும் ஹாரி பாட்டர் மனை, 2009-க்குப் பின்னும் தொடர்ந்தது. நிலத்தின் உரிமையே நிலைபேற்றிற்கு அடிப்படை என்பதை இரசிகரும் உணர்ந்தனர். 2007-இல் அவர்கள் இலாபநோக்கற்ற ஓர் அமைப்பை நிறுவினர். அதன் கதைக் களஞ்சியம், ஜியோசிட்டீஸ் மறைந்த அடுத்த மாதமே பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. நன்கொடையால் நடப்பது அது. அதன் கணினிகளும் அவ்வமைப்பிற்கே உரியன.

ஆகவே, இரசிகர் குழுவை ஆக்கியது இலவச இடமன்று. ஒருவர் மற்றவர்க்கு வழிகாட்டிய இணைப்பே என்பதும், அவ்விணைப்பு நிலைக்க இடமும் தமதாதல் வேண்டும் என்பதும் இவ்வரலாற்றால் நாம் அறியும் முடிபுகளாம்.